எச்சத்தில் எழுந்த ஐம்பத்திரண்டு மாடி

ஏப்பா தம்பி நவூரு, இப்படி வந்து உக்காரு. காலை நல்லா நீட்டியே உக்காரு. உங்க ஊர்ல அதுக்கு வசதி பத்தாதுன்னு கேள்விப்பட்டேன். பசிபிக் கடல் நடுவுல, பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் தெக்கே, மொத்தமே 21 சதுர கிலோமீட்டராம். கடலோரமாப் போற ரோட்டுல சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கிளம்பினா, 19 கிலோமீட்டர் மிதிச்சதும் கிளம்பின வீட்டு வாசல்லயே கொண்டாந்து விட்டுருமாம். பொண்டாட்டிகிட்ட கோவிச்சுக்கிட்டுப் போறவனுக்கு இதைவிடத் தோதான ரோடு கிடையாது. விமானம் இறங்குதுன்னா ரோட்டை மறிச்சு வண்டிகளை நிறுத்தி வைக்கிறாங்களாம். ஓடுபாதைக்கு எதுத்தாப்புல பார்லிமென்ட்டு. தலைநகரம் எதுன்னா, அப்படி ஒண்ணை அறிவிக்கவே இல்லைங்குற; யாரென் வட்டாரத்துல சர்க்கார் ஆபீசு இருக்கு, அதோட சரி. பன்னிரண்டாயிரம் சனம், 14 வட்டாரம், ஒரு ஜனாதிபதி, ஐ.நா. சபையில ஒரு நாற்காலி. அந்த நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. அதைப் பத்திக் கடைசியில பேசுவோம்.

உன்னைப் பத்திப் பேசுறதுன்னா உலகத்துக்கு வாயெல்லாம் பல்லு. பறவை எச்சத்தை வித்துப் பணக்காரன் ஆனான், பணத்தைக் கூத்துல விட்டான், தின்னு தின்னு சக்கரை வியாதியை வாங்கிக்கிட்டான், கடைசியில வீட்டு வாசல்ல ஜெயிலைக் கட்டி வாடகை வாங்குறான்னு நாலே வரியில உன் சரித்திரத்தை முடிச்சிடுறாங்க. பெரிய மனுஷன் ஒருத்தன் வந்து புத்தி சொல்ல வேண்டாமா? அதான் நான் வந்திருக்கேன். நொடிச்சுப் போனவனுக்குப் புத்தி சொல்றதுல ஒரு சௌகரியம் உண்டு தம்பி: அவன் எதுத்துப் பேச மாட்டான். கடன் கேட்டுருவானோங்குற பயம் ஒண்ணுதான்.

முதல் புத்தி. கதவுக்கு முட்டுக் குடுக்குற கல்லை வெளியூர்க்காரன் கண்ணுல படும்படியா வைக்காதே.

1899 வாக்குல சிட்னியில ஒரு கம்பெனி ஆபீசு. பசிபிக் ஐலண்ட்ஸ் கம்பெனின்னு பேரு. காத்துக்குக் கதவு அடிச்சுக்காம இருக்க ஒரு கல்லை அண்டை குடுத்து வெச்சிருந்தாங்க. உன் ஊர்ல இருந்து ஒருத்தர் எடுத்துட்டுப் போன கல்லு. கல்லாப் போன மரத்துண்டுன்னு நினைச்சுக்கிட்டிருந்தாங்க. அங்க வேலை பாத்த ஆல்பர்ட் எல்லிஸ்ங்குற ஆளுக்கு மட்டும் அது மேலேயே ஒரு கண்ணு. ஒரு துண்டை உடைச்சுச் சோதிச்சாரு. முதல் தரமான பாஸ்பேட்டு! புல்லு முளைக்காத ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நிலத்துக்கெல்லாம் உரம். அவங்க ஊரு ஆடு மேய உன் ஊரைத் தோண்டணும்னு அன்னைக்கே முடிவாயிருச்சு. ஆபீசு கட்டினவன் கதவுக்கு ஒரு கொக்கி போட்டிருந்தா உன் தலையெழுத்தே வேற.

உனக்கு 300 கிலோமீட்டர் கிழக்கே உன் பங்காளி ஒருத்தன் இருக்கானே, பனாபா, அவன்கிட்ட எல்லிஸ் 1900-ல போய் ஒரு பத்திரத்துல கைநாட்டு வாங்கினாரு. வருஷத்துக்கு 50 பவுண்டு, 999 வருஷத்துக்குக் குத்தகை. ஆயிரம்னு போடலை பாரு. துரைமாரு அநியாயம் பண்ண மாட்டாங்க. ஒரு வருஷத்தை அவனுக்குன்னு விட்டு வெச்சாங்க. உன் விஷயத்துல அந்த மரியாதையும் கிடையாது. 1888-ல இருந்து நீ ஜெர்மன்காரன் கையில இருந்தே. பேச்சுவார்த்தையெல்லாம் அவனோடயே முடிஞ்சுது. 1906-ல தோண்ட ஆரம்பிச்சாங்க, மறு வருஷமே கப்பல் ஏறுச்சு. நிலத்துக்காரனுக்கு டன்னுக்கு அரைப் பென்னி. முழுப் பென்னி குடுத்தா நீ கெட்டுப் போயிருவேன்னு பயந்திருப்பாங்க. பாவம், எவ்வளவு தூரத்துக்கு யோசிச்சிருக்காங்க!

ரெண்டாவது புத்தி. விலை சொல்றவன் யாருன்னு பாத்துட்டுத் தராசைத் தொடு.

1914-ல சண்டை வந்ததும் ஆஸ்திரேலியாக்காரன் வந்து உன்னைப் பிடிச்சுக்கிட்டான். 1919-ல இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூணு பேரும் உக்காந்து பாகம் பிரிச்சாங்க: 42, 42, 16. கூட்டிப் பாத்தா நூறு வந்துருச்சு. உன் பங்கு எங்கேன்னு கேக்காதே, நூத்துக்கு மேல கணக்குல இடமில்லை. பிரிட்டிஷ் பாஸ்பேட் கமிஷனர்ஸ்னு ஒரு அமைப்பை ஏற்படுத்தினாங்க. சர்வதேச சங்கமும் இவங்களே உனக்குப் பாதுகாவலர்னு ஆணை குடுத்துருச்சு. இப்ப நிலைமையைப் பாரு. கல்லை வாங்குறவன் அவன். விலை வைக்கிறவன் அவன். அளக்குறவன் அவன். கணக்கு எழுதுறவன் அவன். கணக்கு சரியில்லைன்னு புகார் சொல்லப் போனா, அங்க நாற்காலியில உக்காந்திருக்கிற நிர்வாக அதிகாரியும் அவன் அனுப்பினவன்தான். உலகச் சந்தையில விக்கிற விலைக்குக் கீழே கல்லு அவங்க ஊரு விவசாயிக்குப் போச்சு. அந்த நாட்டு வெண்ணெயும் கம்பளியும் உலகமெல்லாம் பேரு வாங்குச்சு. உன் எலும்பு அதுல இருக்குன்னு டப்பா மேல யாரும் அச்சடிக்கலை.

தோண்டுறதை நீ கிட்ட நின்னு பாத்திருப்பே. உன் ஊரு நடுமேட்டுல, 'டாப்சைடு'ன்னு சொல்றீங்களே, அங்க பாஸ்பேட்டு தரையில விரிச்சுப் போட்ட மாதிரி கிடக்கலை. பவளப்பாறைக் கூம்புக்கு நடுநடுவுல அடைஞ்சு கிடந்துச்சு. பல்லிடுக்குல சிக்கின கறியைக் குச்சி விட்டு நோண்டி எடுக்குற மாதிரி, பாறைக்கு இடையில இரும்பு வாளியை விட்டு வழிச்சு வழிச்சு எடுத்தாங்க. கறி போச்சு, பல்லு மட்டும் நிக்குது. ரெண்டு ஆள் உசரம், மூணு ஆள் உசரத்துக்கு வெள்ளையும் சாம்பலுமா சுண்ணாம்புக் கூம்புங்க. அதுல மரம் வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, ஒரு ஆட்டைக்கூட ஓட்டிட்டுப் போக முடியாது. தாழையும் புன்னையும் நின்ன மேடு அது. இப்ப உங்க சனம் முழுக்கக் கடலோரத்து ஒல்லிப் பட்டையிலயும் புவாடா ஏரிக்கரையிலயும் ஒண்டிக்கிட்டிருக்கு.

நடுவுல ஒரு கள்ளுக் கதை. உங்க பாட்டனும் பூட்டனும் தென்னம்பாளையைச் சீவிக் கள்ளு இறக்கிக் குடிச்சவங்க. ஆள வந்தவங்களுக்கு அது பொறுக்கலை, தடை போட்டாங்க. 1920-கள்ல பாத்தா பச்சைப் பிள்ளைங்க வரிசையாச் சாகுது. பிரேங்குற டாக்டரு ஆராய்ஞ்சு, இது பெரிபெரி, தாய்மாருக்கு பி1 வைட்டமின் இல்லைன்னு கண்டுபிடிச்சாரு. தீட்டின அரிசியிலயும் டின் சாமான்லயும் இல்லாத அந்தச் சத்து, கள்ளுல இருக்குற ஈஸ்ட்டுல இருந்துதான் இத்தனை காலமா வந்துக்கிட்டிருந்துச்சு. தாய்மாருக்குத் திரும்பக் கள்ளு குடுத்ததும் பிள்ளைச் சாவு மளமளன்னு குறைஞ்சுது. கள்ளைப் பத்தி நான் இதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேன். இந்த வயசுல எனக்கு எதுக்கு வம்பு!

உன்னைக் கேலி பண்றவனுக்குத் தெரியாத ஒண்ணையும் சொல்லிப்புடுறேன். 1920-ல விஷக் காய்ச்சல் வந்து உன் சனத்தை வாரிக்கிட்டுப் போச்சு. 1500 பேராவது இருந்தாத்தான் ஒரு இனம் பிழைக்கும்னு ஒரு கணக்கு வெச்சீங்க. 1932-ல அந்த 1500-வது பிள்ளை பிறந்துச்சு. அந்த அக்டோபர் 26-ஐ 'அங்காம்' நாள்னு இன்னைக்கும் கொண்டாடுறீங்க. பத்தே வருஷத்துல ஜப்பான்காரன் வந்தான். உன் சனத்துல 1200 பேரை அள்ளிக்கிட்டுப் போய் 'ட்ருக்' தீவுல கூலி வேலைக்கு விட்டான். 1946 ஜனவரி 31-ல ஊரு திரும்பினது 737 பேரு. அதே ஜனவரி 31-ஐயே 1968-ல சுதந்திர நாளா வெச்சுக்கிட்டே. இந்த இடத்துல நான் கிண்டல் பண்ண மாட்டேன். போய் ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வா.

வந்தாச்சா? சரி.

1960-கள்ல பாதுகாவலர்களுக்கு உன் மேல திடீர்னு பாசம் பொங்குச்சு. கல்லு தீந்துபோகும், அப்புறம் நீ எங்கே போவேன்னு கவலைப்பட்டாங்க. தோண்டுறதைக் கொஞ்சம் குறைக்கலாமேன்னு யாருக்கும் தோணலை. உன்னை ஊரோட பேத்துக்கிட்டுப் போய் குயின்ஸ்லாந்து பக்கம் கர்ட்டிஸ் தீவுல வைக்கலாம்னு தோணுச்சு. வீட்டுக்காரனைக் கிளப்பிட்டா வீட்டை நிம்மதியா இடிக்கலாமில்ல! உன் தலைவர் ஹாம்மர் டிராபர்ட்டு, ட்ருக்குக்குப் போய் மீண்டு வந்த மனுஷன், சாமர்த்தியசாலி. இடம் சரி, ஆனா எங்களை நாங்களே ஆளுவோம், ஆஸ்திரேலியாக்காரனாக மாட்டோம்னு நின்னாரு. அதுக்கு அவங்க சம்மதிக்கலை. 1964-ல நீ வேண்டாம்னுட்டே. அப்புறம் சுதந்திரம் வந்துச்சு. அவர்தான் முதல் ஜனாதிபதி. சுரங்கத்தையும் உன்கிட்ட ஒப்படைச்சாங்க. சும்மாவா? 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு! அறுபது வருஷம் உன் கல்லுலயே சம்பாதிச்சு வாங்கின தளவாடத்தை உனக்கே வித்தாங்க. வியாபாரம்னா இதுதான் தம்பி. நீ இன்னும் கத்துக்கணும்.

மூணாவது புத்தி. பணம் வந்தா, வர்ற ஆலோசகனை முதல்ல எண்ணு. பணத்தை அப்புறம் எண்ணலாம்.

1970-கள்ல பாஸ்பேட் விலை ஏற ஏற, ஆளுக்கு இவ்வளவு வருமானம்னு பாத்தா உலகத்துலயே முன்வரிசையில நீ. வரி கிடையாது. பள்ளிக்கூடம் இலவசம், ஆஸ்பத்திரி இலவசம், பெரிய வியாதின்னா மெல்போர்னுக்கு அனுப்பிடுவே. தோண்டுறதுக்கு கிரிபாட்டித் தீவுல இருந்தும் சீனாவுல இருந்தும் ஆள் வந்துச்சு. கல்லு தீர்ந்தப்புறம் பேரன் பேத்திக்கு ஆகட்டும்னு ஒரு அறக்கட்டளையும் வெச்சே. இதுல உன்னைக் குறை சொல்ல முடியாது. எத்தனையோ எண்ணெய் நாட்டுக்காரனுக்கு அந்தப் புத்தி அப்ப வரலை. 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேலே சேர்ந்துச்சு.

அப்புறம் வாசல்ல கோட்டுக்காரங்க கூட்டம். மெல்போர்ன் காலின்ஸ் தெருவுல 1977-ல 52 மாடிக்கு நவூரு ஹவுஸைக் கட்டினே. அந்த ஊருக்காரங்க அதுக்குப் 'பறவை எச்சக் கோபுரம்'னு பட்டப்பேரு வெச்சாங்களாம். வெச்சா வெச்சுக்கிட்டுப் போகட்டும். அவங்க ஊரு புல்வெளி எந்த எச்சத்துல பச்சையாச்சுன்னு ஒரு நாள் திருப்பிக் கேட்டிருக்கணும் நீ. சனத்தொகை எட்டாயிரத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்த காலத்துல போயிங் விமானங்களை வரிசையா வாங்கி ஏர் நவூருன்னு பறக்கவிட்டே. பல நாள் ஆளில்லாத சீட்டுங்கதான் சொகுசாப் பயணம் போச்சு. எங்க இந்தியாவுல ஒடிசா பாரதீப்புலகூட 1981-ல மத்திய சர்க்காரோட கூட்டுச் சேந்து உரக் கம்பெனி ஆரம்பிச்சியே, அது உருப்படியான காரியம். கல்லு விக்கிறவன் உரம் செய்யிறது நியாயம். 1993-ல அதுல இருந்து கழண்டுக்கிட்டே. அந்தக் கம்பெனி இன்னைக்கும் ஓடுது.

அதே 1993-ல லண்டன்ல என்ன பண்ணினே? சொல்லவா? லியோனார்டோ டா வின்சியோட காதலைப் பத்தி ஒரு இசை நாடகம். ஆலோசகர் ஒருத்தர் சொன்னாருன்னு முதல் போட்டே. ஸ்ட்ராண்டு தியேட்டர்ல அரங்கேத்தம். சில வாரத்துலயே திரை இறங்கிருச்சு. போட்ட முதலும் கூடவே இறங்கிருச்சு. கூத்துக்குக் காசு குடுத்தது தப்புன்னு சொல்ல மாட்டேன். கூத்து பாக்காத சனம் என்ன சனம்! ஆனா உன் காசுல கூத்து நடந்தா உன் கதை நடக்கணும். கதவுக்கு முட்டுக் குடுத்த கல்லு நாட்டையே முட்டுக் குடுத்த கதை உன்கிட்ட இருக்கையில, செத்து நானூறு வருஷத்துக்கு மேலான இத்தாலிக்காரனோட காதல் உனக்கு எதுக்கு?

வயித்துப் பாட்டையும் சொல்லணும். தண்ணி வத்துற நேரத்துல கடல்பாறை இடுக்குல பால்மீன் குஞ்சைப் பொறுக்கி, கொட்டாங்கச்சியில ஏந்திட்டு வந்து, உப்புத் தண்ணியில இருந்து நல்ல தண்ணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கி, வீட்டுக் குளத்துலயும் புவாடா ஏரியிலயும் வளப்பீங்களாம். 'இபிஜா'ன்னு பேரு. ஏரியையே குடும்பத்துக்கு இவ்வளவுன்னு சுவர் வெச்சுப் பிரிச்சிருந்தீங்க. எவ்வளவு பொறுமையான தொழிலு! 1960 வாக்குல கொசுவை ஒழிக்கிறேன்னு ஜிலேபிக் கெண்டையைக் கொண்டாந்து விட்டாங்க. கொசு அப்படியே இருந்துச்சு, இபிஜாதான் ஒழிஞ்சுது. ஜிலேபிக் கெண்டையோட குணம் எங்களைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்போம். அப்புறம் எல்லாமே கப்பல்ல வந்த டின் இறைச்சி, வெள்ளை அரிசி, சக்கரைத் தண்ணி. 1970-களின் நடுவுல ஆராய்ச்சிக்காரங்க வந்து ரத்தத்தைச் சோதிச்சா, பெரியவங்கள்ல மூணுல ஒருத்தருக்குச் சக்கரை வியாதி. தோட்டம் போட்ட மண்ணைத் தோண்டி வித்துட்டு, சாப்பாட்டுக்கு டப்பாவைத் தொறந்தா வேற என்ன வரும்? இதுல சிரிக்கிறவன் யாருன்னு பாரு: அந்த டப்பாவை வித்தவன்.

ஆனாலும் ஒரு காரியத்துல நீ கெட்டிக்காரன். இலங்கைக்காரர் கிறிஸ்டோபர் வீரமந்திரியைத் தலைவரா வெச்சு 1986-ல ஒரு விசாரணைக் கமிஷனைப் போட்டே. சுதந்திரத்துக்கு முன்னாலயே தோண்டின மூணுல ஒரு பங்கு நிலத்தை யாரு சீர் பண்ணணும்னு அவங்க ஆதாரத்தோட எழுதிக் குடுத்தாங்க. 1989-ல நேரா ஹேக் நகரத்துல இருக்குற உலகக் கோர்ட்டுல ஆஸ்திரேலியா மேல வழக்கு! வழக்கு செல்லாதுன்னு அவங்க எழுப்பின ஆட்சேபணையில பெரும்பாலானதை 1992-ல கோர்ட்டு தள்ளிருச்சு. உடனே சமாதானம் பேச வந்துட்டாங்க. 1993-ல 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். அதுல 5 கோடியே 70 லட்சம் ரொக்கம், மிச்சம் இருபது வருஷத் தவணை. இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஆளுக்கு 1 கோடியே 20 லட்சம் போட்டுக்கிட்டாங்க. தப்பை ஒத்துக்கலை, ஏதோ மனசு வந்து குடுக்குறோம்னு குடுத்தாங்க. துரைமாருகிட்ட இருந்து பணத்தை வாங்கிரலாம் தம்பி, மன்னிப்பை வாங்குறதுதான் கஷ்டம்.

மிச்ச நிலத்தைத் தோண்டினது யாருன்னு நான் கேக்கணும்னு நினைச்சேன். நீ ஏற்கெனவே தலையைச் சொறியிற. விடு.

நாலாவது புத்தி. கல்லு தீந்தா, வேற என்னத்தை விக்கலாம்னு வர்றவன்கிட்ட கேக்காதே. அவன் பட்டியலோட வந்திருப்பான்.

1990-கள்ல பாங்கு வித்தே. பாங்குன்னா கட்டடம் இல்லை, காசாளர் இல்லை, பேனா கட்டின நூல்கூட இல்லை. ஒரே ஒரு தபால் பெட்டி. அந்த விலாசத்துல சுமார் 400 பாங்கு. 1998-ல மட்டும் 7,000 கோடி அமெரிக்க டாலர் ரஷ்யாவுல இருந்து உன் ஊரு கணக்குகள் வழியாப் போச்சுன்னு அந்த நாட்டு மத்திய வங்கிக்காரங்களே சொன்னாங்க. போச்சு, சரி, போற வழியில உன் கையில எவ்வளவு ஒட்டுச்சு? 2000-ல உலகமே உன்னைக் கருப்புப் பட்டியல்ல போட்டுச்சு. 2003-ல தொலைபேசி செத்து, வாரக் கணக்குல வெளியுலகத் தொடர்பே இல்லாமக் கிடந்தே. 2004-ல அந்த 52 மாடி கை மாறுச்சு. 2005 டிசம்பர்ல கடைசி விமானத்தை மெல்போர்ன்ல வெச்சுக் கடன்காரன் பிடிச்சுக்கிட்டான்.

நாற்காலியை வித்ததையும் சொல்லணுமா? 1980-ல தைவானை அங்கீகரிச்சே, 2002-ல சீனா, 2005-ல திரும்பத் தைவான், 2024-ல திரும்பச் சீனா. நடுவுல 2009-ல அப்காசியா, தெற்கு ஒசேத்தியான்னு ரெண்டு நாட்டை அங்கீகரிச்சே. ரெண்டும் எங்கே இருக்குன்னு உன் பிள்ளைங்க தேசப்படத்துல தேடியிருப்பாங்க. உலகத்துப் பெரிய நாடுங்க ஆளுக்கு ஒரு கொள்கையைச் சொல்லிக்கிட்டு இதே காரியத்தைத்தான் பண்ணுது. உன்கிட்ட கொள்கை எழுதுற ஆள் இல்லை, அதனால விலை வெளியே தெரிஞ்சுபோச்சு.

2001-ல டம்பாங்குற கப்பல் கடல்ல தத்தளிச்ச அகதிங்களை ஏத்திக்கிட்டு வந்து ஆஸ்திரேலியா வாசல்ல நின்னுச்சு. உள்ள விட மாட்டோம்னு சொல்லிட்டு, 2 கோடி டாலர் உதவியோட அவங்களை உன் மேட்டுல கொண்டாந்து இறக்கினாங்க. முதல்ல உன் மண்ணை அவங்க நாட்டுக்குக் கொண்டுபோனாங்க. அப்புறம் அவங்க நாட்டுக்கு வேண்டாத மனுஷனை உன் மண்ணுக்குக் கொண்டாந்தாங்க. 2007-ல எண்பதுக்கு மேல இலங்கைக்காரங்களை அங்க வெச்சிருந்தாங்க. பெரும்பாலும் நம்ம ஈழத்துப் பிள்ளைங்க. குண்டுக்குத் தப்பிக் கடல் தாண்டி வந்தவங்க, கூம்புப் பாறைக்கு நடுவுல முகாம்ல காத்துக் கிடந்தாங்க. 2008-ல மூடினதை 2012-ல திரும்பத் திறந்தீங்க. பத்திரிகைக்காரன் விசாக் கட்டணத்தை 2014-ல 200 டாலர்ல இருந்து 8,000 டாலராக்கினே. மறைக்க ஒண்ணும் இல்லாதவன் வேலிக்கு இவ்வளவு செலவு பண்ண மாட்டான் தம்பி. 2025-ல வேற ஒரு ஒப்பந்தம். ஆஸ்திரேலியா வேண்டாம்னு தள்ளினவங்களை ஏத்துக்கிறதுக்கு முதல்ல 40 கோடியே 80 லட்சம் டாலர், அப்புறம் வருஷா வருஷம். டன்னுக்கு அரைப் பென்னியில ஆரம்பிச்சது தலைக்கு இவ்வளவுன்னு வந்து நிக்குது. விலை ஏறியிருக்கு, மறுக்கலை. ஆனா விலை சொன்னது அன்னைக்கும் அவன், இன்னைக்கும் அவன்.

நீ விலை சொன்ன வியாபாரம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. சூரை மீனு. 1982-ல உன் பேர்லயே ஒரு ஒப்பந்தம். போகப் போகப் பக்கத்துத் தீவு நாடுங்களும் நீயுமா எட்டு பேரு கை கோத்தீங்க. எங்க கடல்ல ஒரு கப்பல் ஒரு நாள் வலை போடணும்னா குறைஞ்சது 8,000 அமெரிக்க டாலர்னு நீங்களே சேந்து விலை வெச்சீங்க. தூரதேசத்துக் கப்பல்காரன் முணுமுணுத்தான், முணுமுணுத்துக்கிட்டே கட்டினான். அவன் உன்னைத் தனியாக் கூப்பிட்டுப் பேசியிருந்தா அரை விலைக்கு முடிச்சிருப்பான். எட்டு பேரு ஒரே திண்ணையில உக்காந்திருந்ததால முடியலை. நூறு வருஷத்துல நீ படிச்ச உருப்படியான பாடம் இதுதான். 2015-ல வெளியாரும் சேந்து கண்காணிக்கிற புது அறக்கட்டளை ஒண்ணு வெச்சிருக்கியே, அதுவும் தேவலை. அதுல கூத்துக்காரங்களுக்குக் கதவு இல்லைன்னு கேள்வி.

கடைசிப் புத்தி. இப்ப உன்னைக் கூப்பிடுறது கடலுக்கு அடியில இருந்து.

ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவுல, நாலு அஞ்சு கிலோமீட்டர் ஆழத்துல, உருளைக்கிழங்கு அளவுக்கு உருண்டை உருண்டையாக் கிடக்குதாம். நிக்கல், கோபால்ட், மாங்கனீசு, செம்பு எல்லாம் அதுல. உன் பேர்ல ஒரு கம்பெனி, பின்னால ஒரு கனடாக்காரக் கம்பெனி. 2011-ல உன் நாட்டைப் போல மூவாயிரம் மடங்குக்கு மேலான கடல்படுகையை ஆராய அனுமதி வாங்கினாங்க. 2021-ல, ரெண்டு வருஷத்துக்குள்ள தோண்டுறதுக்கு விதி எழுதுன்னு ஜமைக்காவுல இருக்குற கடல்படுகை ஆணையத்துக்கு நீதான் கெடு வெச்சே. 21 சதுர கிலோமீட்டர்காரன் உலகத்தையே அவசரப்படுத்தினான்! அதுல எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமைதான். கம்பெனிக்காரங்களுக்கு அதுவும் பத்தலை. 2025-ல அமெரிக்கச் சட்டத்து வழியா அங்க போய் விண்ணப்பம் போட்டுட்டாங்க. அவங்களுக்கு வேண்டியது உன் நாற்காலிதான். அதைவிட வசதியான சோபா கிடைச்சா அதுல உக்காந்துக்குவாங்க.

கடல் கெட்டுப்போனா பொறுப்பு யாருக்குங்குற கேள்வியை 2010-ல நீயே கிளப்பினே. புத்திசாலித்தனமான கேள்வி. கடல் சட்டத் தீர்ப்பாயம் 2011 பிப்ரவரியில பதில் சொல்லுச்சு. கம்பெனிக்கு ஆதரவு குடுக்குற நாடு தன் சட்டத்தைச் சரியாப் போட்டு, கம்பெனியை முறையாக் கண்காணிச்சிருந்தா நஷ்டம் அதோட தலையில விழாது. கண்காணிக்காம விட்டு, அதனால கேடு வந்தா விழும். ஏழை நாடுங்குறதுக்காகத் தனிச் சலுகை கிடையாது. அதாவது, நாலு கிலோமீட்டர் ஆழத்துல என்ன நடக்குதுன்னு நீதான் பாக்கணும். உன்கிட்ட எத்தனை கப்பல் இருக்கு? எத்தனை விஞ்ஞானி இருக்காங்க? அந்தக் கம்பெனி எழுதிக் குடுக்குற அறிக்கையைப் படிச்சுத்தான் அந்தக் கம்பெனியையே கண்காணிக்கப் போறியா? கமிஷனர்ஸ் கணக்கை ஏறக்குறைய ஐம்பது வருஷம் அப்படித்தான் நம்பினே.

விக்காதேன்னு நான் சொல்லலை. வீட்டுல உலை கொதிக்கணும், மேட்டைச் சீர் பண்ணி சனத்தைக் குடியேத்தணும், கடல் வேற வாசல் வரைக்கும் வருது. 2025-ல 1,05,000 அமெரிக்க டாலருக்குப் பாஸ்போர்ட்டு விக்க ஆரம்பிச்சதும் அதுக்குத்தான்னு சொல்ற. வித்துக்கோ. எட்டு பேரைத் திண்ணையில உக்கார வெச்சுக்கிட்டு நீ விலை சொல்லு. அளக்குற ஆளு உன் ஆளா இருக்கட்டும். கணக்கு நோட்டு உன் வீட்டு அலமாரியில இருக்கட்டும். பத்திரத்தை அவன் வக்கீல் படிச்சுச் சொன்னான்னு தலையாட்டாதே, உன் வக்கீல் படிக்கட்டும். அப்புறம், அந்த வக்கீலுக்குச் சம்பளம் யாரு குடுக்குறாங்கன்னும் ஒரு வார்த்தை விசாரிச்சு வெச்சுக்கோ.